நூறாவது ஆண்டு வருவதற்குள் நம் ஐந்து நிலையங்களின் கதையை எழுதிவையுங்கள்

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர், தெற்கு ரயில்வே, சென்னைக் கோட்டம்
மேயர், ஆணையர் மற்றும் மாமன்ற உறுப்பினர்கள், தாம்பரம் மாநகராட்சி

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

2031 மே 11 அன்று சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலுக்கு நூறு வயது ஆகிறது. அதற்குள் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையைக் கேட்கத்தான் இந்த மடல். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று நம் மாநகராட்சிக்குள் ஐந்து புறநகர் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. இந்த ஐந்தின் வரலாற்றையும் முறையாகத் திரட்டி, அந்தந்த நிலையத்திலேயே, வண்டிக்காகக் காத்திருக்கிறவர் நின்று படிக்கிற மாதிரி எழுதிவைக்க வேண்டும். புதுப்பிக்கும் வேலைக்காக எதையும் இடிப்பதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

நான் குரோம்பேட்டைக்காரன். படிப்பு, வேலை, ஆஸ்பத்திரி, கல்யாணம், துக்கம் என்று எல்லாவற்றுக்கும் இந்த லைனில்தான் போய் வந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் "லைன்" என்று சொன்னாலே எல்லோருக்கும் புரியும். வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்?" என்பதைத்தான். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். இப்படி ஊரையே நிறுத்திவைத்திருக்கும் நிலையங்களில், இந்த நிலையம் ஏன் இங்கே வந்தது, யாருக்காக வந்தது என்று சொல்கிற ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.

இப்போது இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. லைன் முழுக்க வேலை நடக்கிறது. பரங்கிமலை நிலையம் அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22 அன்று திறக்கப்பட்டது. எழும்பூரில் 1908-ல் திறந்த சிவப்புக் கட்டடத்தை வைத்துக்கொண்டே சுற்றிலும் பெரிய அளவில் கட்டுகிறீர்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஜிஎஸ்டி சாலையை ஒட்டி மெட்ரோவை நீட்டவும் திட்டம் இருக்கிறது. இதெல்லாம் வரட்டும், வர வேண்டும். எழும்பூர்க் கட்டடம் அழகாக இருப்பதால் அதைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. நம் நிலையங்களில் கோபுரமும் குவிமாடமும் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டு பெஞ்சு, பழைய தண்டவாளத்தை நட்டுச் செய்த கம்பம், இவ்வளவுதான். இடிக்கும்போது யாருக்கும் தயக்கம் வராது. அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு மேற்கே, ஆற்காடு பக்கம் போனது. நம் பக்கம் தண்டவாளம் வர இன்னும் இருபது வருடம் போல ஆயிற்று. சவுத் இந்தியன் ரயில்வே என்ற கம்பெனி, 1870-களில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே மீட்டர் கேஜ் பாதை போட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். தூத்துக்குடி வரை போகிற வண்டிகளுக்கான பாதை அது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த தாம்பரம் அந்தப் பாதையில் ஒரு சின்ன ஊர். நீராவி எஞ்சின் வண்டிகள் வரும், நிற்கும், போகும். நகரத்து வேலைக்கு தினமும் போய்த் திரும்ப வேண்டும் என்பவருக்கு அந்த வண்டிகள் தோதுப்படாது.

1920-களில் இந்த நிலை மாறத் தொடங்கியது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டரை மின்சாரமாக்கத் திட்டம் போட்டார்கள். பம்பாயில் 1925 பிப்ரவரியில் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியிருந்தது. அடுத்தது நம் லைன். அதிலும் மீட்டர் கேஜில் ஓடிய முதல் மின்சார ரயில் இந்தியாவிலேயே இதுதான். 1,500 வோல்ட் நேர்மின்சாரம். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே உள்ளூர் வண்டிகளுக்கென்றே இரண்டு தனிப் பாதைகள், வெளியூர் வண்டிகளுக்கு இன்னொரு பாதை. தாம்பரத்தில் யார்டும், ரயில் பெட்டிகளைப் பராமரிக்கிற கார் ஷெட்டும். 1931 ஏப்ரல் 2 அன்று சென்னை மாகாண கவர்னர் சர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள்.

கவனித்துப் பாருங்கள். அப்போது தாம்பரத்தில் இவ்வளவு ஜனம் கிடையாது. வரப்போகும் ஜனத்துக்காக முன்னாலேயே இரட்டைப் பாதை போட்டார்கள், ஷெட் கட்டினார்கள், நெரிசல் நேரத்தில் அடுத்தடுத்து வண்டி விட்டார்கள். ஆள் அரவம் குறைந்த இந்தப் பகுதிகள் தோட்ட நகரங்களாகச் செழிக்கும் என்ற நம்பிக்கை தொடக்க விழாவிலேயே பேசப்பட்டது. தோட்டம் அவ்வளவாக மிஞ்சவில்லை என்றாலும் நகரம் வந்துவிட்டது. வண்டி வந்த பிறகு மனைகள் வந்தன, மனைகளைத் தொடர்ந்து காலனிகள், அப்புறம் பள்ளிக்கூடங்கள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினீர்களே, அந்த மாநகராட்சியை இணைத்துக் கட்டியிருக்கிற கயிறு இந்தத் தண்டவாளம்தான்.

ஐந்து நிலையங்களில் சானடோரியத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். காலை ஒன்பது மணிக்கு அங்கே இறங்கிப் பாருங்கள். ஒரு கையில் எக்ஸ்ரே கவரும் இன்னொரு கையில் வயதான அம்மாவின் தோளுமாக ஒருவர் படியேறுவார். பக்கத்திலேயே, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு பெண்கள் கூட்டமாக ஓடுவார்கள், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எதிரே கஷாய பாட்டிலோடு சித்த மருத்துவமனையிலிருந்து திரும்புகிற தாத்தா வருவார். "காச நோய் ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் இறங்கணும்?" என்ற கேள்வியை அந்த நடைமேடையில் கேட்காத நாள் கிடையாது.

இந்த மூன்று கூட்டத்துக்கும் பின்னால் வரலாறு இருக்கிறது. டாக்டர் டேவிட் சவரிமுத்து, இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கிறார். அதே மருத்துவர் 1928-ல் இங்கே ஒரு சானடோரியத்தை, அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறுகிற மருத்துவமனையை, தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. நகரத்துப் புகையிலிருந்து தள்ளி, ஆனால் உறவுக்காரர்கள் வந்து பார்க்கிற தூரத்தில் இடம் வேண்டும். தாம்பரம் அதற்குத் தோதாக இருந்தது. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே மற்ற இடங்களில் தயங்கியபோது, இந்த மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொண்டு பார்த்தது. அந்தக் காலத்தில் யாருக்கும் முகம் காட்டப் பிடிக்காமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து பயணம் செய்து இந்த நிலையத்தில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். மருத்துவமனையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் மருத்துவர்களைப் பற்றி எழுதுவார்கள். நோயாளி எப்படி வந்து சேர்ந்தார் என்பதை நிலையம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தும் அதே அளவு குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆய்வு நடந்தது சென்னையில். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை ஆய்வு மையம், 1959-ல் அந்த முடிவை வெளியிட்டது. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிய அது பெரிய காரணம். சேத்துப்பட்டும் இதே லைனில் உள்ள நிலையம்தான்! சானடோரியத்தில் ஏறினால் இதே மின்சார ரயிலில் சேத்துப்பட்டில் போய் இறங்கலாம். காசநோய் மருத்துவத்தின் இரண்டு யுகங்கள் ஒரே லைனில் இருக்கின்றன. இதைச் சானடோரியம் நடைமேடையில் ஒரு பலகையில் எழுதிவைத்தால், எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்!

அந்த நிலையத்துக்கு அடுத்த கூட்டம் 1984-ல் வந்த ஏற்றுமதி மண்டலத்தால் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எங்கள் பக்கத்துப் பெண்கள் "மெப்ஸ்" என்பார்கள். தையல், எலக்ட்ரானிக்ஸ் என்று நிறையப் பெண்கள் முதல் சம்பளம் வாங்கிய இடம். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து விடியற்காலை வண்டி பிடித்து வருகிற பெண்ணுக்கு, சீசன் டிக்கெட்டும் லேடீஸ் கம்பார்ட்மெண்டும் இல்லாவிட்டால் அந்த வேலையே இல்லை. 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கேயே திறந்தது. ஒரு மருத்துவமனையின் பெயரைத் தாங்கிய சின்ன நிலையத்துக்கு இப்படி அடுக்கடுக்காகக் கதை இருக்கிறது.

குரோம்பேட்டைக்கு வருகிறேன். ஆவாரம்பட்டையில் நாள் கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிடுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி, குரோமிய உப்பில் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றார். அதைத் தொழிலாக்கியது ஜி.ஏ. சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி. அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பேட்டை எங்கள் ஊர். கம்பெனி இன்று இல்லை, பெயர் மட்டும் நிலையப் பலகையில் மூன்று மொழியில் நிற்கிறது. ரயிலில் வருகிற பிள்ளைகள் "குரோம் பிரவுசரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதுதான் வருத்தம். தோல் வேலை செய்த தொழிலாளிகளின் குடும்பங்கள் இன்னமும் இங்கே இருக்கின்றன. அந்த வேலையில் ஏற்பட்ட கஷ்டமும், தோல் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டதும் சேர்ந்ததுதான் வரலாறு. நல்லதை மட்டும் எழுதச் சொல்லவில்லை.

அதே குரோம்பேட்டை நிலையத்துக்கு எதிரில்தான் சி. ராஜம் 1949-ல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. 1950-களில் அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தார். அவர் பெயரை எத்தனையோ இடத்துக்கு வைத்துவிட்டோம். அவர் படித்த கல்லூரி வாசலில் இருக்கும் நிலையத்தில் அவரைப் பற்றி நாலு வரி இருக்கலாம் அல்லவா?

பல்லாவரத்தில் எதை விடுவது என்றுதான் யோசிக்க வேண்டும். பல்லவர் குடைவரை ஒன்று அங்கே இருக்கிறது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கேதான் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்றாக அது உலகத்துக்குத் தெரியவந்தது. ராணுவக் குடியிருப்பு, தோல் கிடங்குகள், வெள்ளிக்கிழமைச் சந்தை எல்லாம் அதற்கு மேல். அந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் செடித் தொட்டி, பழைய மிக்ஸி, கோழிக்கூண்டு, சைக்கிள் சக்கரம் என்று எதையெதையோ தூக்கிக்கொண்டு வண்டி ஏறுவதைப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பல்லாவரம் நடைமேடையை ஒரு புகைப்படக்காரர் எடுத்து வைத்தால் அதுவே ஓர் ஆவணம்.

தாம்பரம் நிலையத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சார ரயில் வந்து ஆறு வருடத்தில், 1937-ல், சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிவந்தது. 365 ஏக்கர் புதர்க்காட்டில் ஒரு கல்லூரி. பேராசிரியர்கள் மரம் நட்டுக் காடாக்கினார்கள். அடுத்த வருடமே, 1938 டிசம்பரில், பல நாட்டுக் கிறிஸ்தவச் சபைகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு அங்கே நடந்தது. அதனால் இறையியல் படிப்பவர்களுக்கு உலகம் முழுக்கத் தாம்பரம் என்ற பெயர் தெரியும். விமானப் படைத் தளமும் பிறகு வந்தது. தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒரு தாம்பரம், மேற்கே ஒரு தாம்பரம் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து வளர்ந்ததும் நிலையத்தின் கதைதான். நடை மேம்பாலத்தில் டிக்கெட் எடுக்காமல் வெறுமனே ஊரைக் கடக்கிறவர்கள் எவ்வளவு பேர் என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

பெருங்களத்தூர் இந்த வரிசையில் இளையது போலத் தோன்றும். பொங்கல், தீபாவளி சமயத்தில் ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு அங்கே இறங்கி, ஜிஎஸ்டி சாலை ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்ற வருடங்கள் எத்தனை! அதையும் எழுதுங்கள்.

இனி வண்டிகளைப் பற்றி. 1931-ல் வந்த நேர்மின்சாரம் 1960-களின் பிற்பகுதியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாறியது. ஜப்பானில் செய்த ஒய்ஏஎம்-1 எஞ்சின்கள் மீட்டர் கேஜில் ஓடின. அதற்கு முன்னால் ஓடிய ஒய்சிஜி-1 எஞ்சின், மின்கம்பி இல்லாத பக்கப் பாதையில் நகர்வதற்காகப் பேட்டரி வண்டி ஒன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்த எஞ்சின்களில் ஒன்று இப்போது டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தாம்பரத்துக்கு வந்து போன எஞ்சினைப் பார்க்க தாம்பரத்துப் பிள்ளை டெல்லிக்குப் போக வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளில் அகலப் பாதை வந்தது. கொஞ்ச காலம் இரண்டு கேஜும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2004 ஜூலை 1 அன்று எழும்பூர் – தாம்பரம் இடையே கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடி முடிந்தது. எழுபத்து மூன்று வருடம். அதற்கு அப்புறம் பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு லைனில் ஏசி வண்டி ஓட ஆரம்பித்தபோது அவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். நல்ல விஷயம். அந்த வண்டி ஓடுகிற வழித்தடம் எங்கிருந்து தொடங்கியது என்று அவர்களுக்குக் காட்ட நம்மிடம் ஒன்றுமில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தாம்பரம் கார் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் கூரையிலிருந்து மின்கம்பியைத் தொடுகிற பேண்டோகிராஃபின் மேலே கம்பியில் உரசுகிற பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தே, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம். மழைக்காலத்தில் கம்பியில் பொறி பறக்கிற சத்தத்தை வைத்து எந்த யூனிட் வருகிறது என்று ஷெட்டுக்குள்ளிருந்தே சொல்கிற ஆட்கள் இருந்தார்கள் என்கிறார். சொல்லும்போது அவர் கட்டைவிரல் தானாகவே ஆள்காட்டி விரலைத் தடவுகிறது. இந்த மாதிரி ஃபிட்டர்கள், மோட்டார்மேன்கள், கார்டுகள், கேட்மேன்கள், அட்டை டிக்கெட்டில் தேதி குத்திக் கொடுத்த புக்கிங் கிளார்க்குகள் இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். 2031-ல் விழாக் கமிட்டி போட்டு அப்புறம் இவர்களைத் தேடினால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். என் அவசரத்துக்கு முதல் காரணம் இதுதான்.

பயணிகளுக்குக் கழிப்பறை வேண்டும், எஸ்கலேட்டர் ஓட வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், இதற்கிடையில் பழங்கதை எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சரி, நியாயமான கேள்வி. ஆனால் பழங்கதை தெரிந்தவர்கள் புதுத் திட்டத்தையும் நன்றாகப் போடுவார்கள் என்று நான் நம்புகிறேன். 1931-ல் ஜனம் வருவதற்கு முன்னால் பாதை வந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பிரம்மாண்டமான பேருந்து நிலையம் திறந்தபோது அதை ஒட்டி ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, குழந்தை குட்டியோடு, சூட்கேஸோடு ஜனங்கள் சாலையில் அல்லாடினார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காரன் யோசித்ததை நாம் யோசிக்காமல் போனது எப்படி? இந்தக் கேள்வி நிலையத்தின் சுவரில் எழுதியிருந்தால் தினமும் அந்த வழியாகப் போகிற அதிகாரிகள் கண்ணிலும் படும்.

அதே போல 2018 ஜூலை 24-ஐயும் மறைக்க வேண்டாம். உயர்மின் கம்பி அறுந்ததால் விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்ட புறநகர் வண்டி, பரங்கிமலையில் நடைமேடையை ஒட்டிய சுவரைக் கடந்தபோது, படியில் நின்று பயணம் செய்த இளைஞர்கள் அந்தச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அந்த வண்டியில் அன்று நம் ஊர்ப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் அந்த நாளும் இந்த லைனின் வரலாற்றுக்குள் வர வேண்டும்.

நான் கேட்பது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோட்ட மேலாளர் அவர்களே, ஐந்து நிலையங்களும் எந்த ஆண்டு, எந்தத் தேவைக்காகத் திறந்தன, எப்போது நடைமேடை கூடியது, எப்போது எந்தப் பாதை வந்தது என்ற விவரம் ரயில்வேயின் பழைய கால அட்டவணைகளிலும் வரைபடங்களிலும் இருக்கும். அதைத் திரட்ட ஓர் அதிகாரியைப் பொறுப்பாகப் போடுங்கள். சவுத் இந்தியன் ரயில்வே காலத்துக் காகிதம், 1951-ல் தெற்கு ரயில்வே உருவான காலத்துக் காகிதம் எல்லாம் எந்தக் கிடங்கில் தூங்கினாலும் எழுப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். இடிப்பதற்கு டெண்டர் விடும் முன் ஒவ்வொரு நிலையத்தையும் முழுக்கப் படம் எடுத்து, அளவெடுத்து வையுங்கள். பழைய பெயர்ப் பலகை, தண்டவாளத் துண்டு மணி, டிக்கெட்டில் தேதி குத்துகிற இயந்திரம், கடிகாரம் என்று எது மிஞ்சியிருந்தாலும் பழைய இரும்புக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். பழைய மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் ஒரு சின்னத் துண்டை, ஒரு மீட்டர் அகலத்துக்கு, தாம்பரம் நிலைய வாசலில் பதித்து வைத்தால் போதும். அதன் நடுவே ஒரு குழந்தை நின்று பார்த்தால் மீட்டர் கேஜ் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

மேயர் அவர்களே, ஆணையர் அவர்களே, ஓய்வு பெற்றவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது உங்களால்தான் நடக்கும். வார்டு வாரியாக அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உங்கள் கவுன்சிலர்களுக்குத் தெரியும். கிறிஸ்துவக் கல்லூரி வரலாற்றுத் துறையையும் நம் மாநகராட்சிப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் போன் இருந்தால் பதிவு செய்யலாம், இதற்குப் பெரிய பணம் வேண்டாம். பூக்கட்டிக்கொண்டே வருகிற அக்காக்களை, சுண்டல் விற்கிறவர்களை, ஒரே பெட்டியில் முப்பது வருடம் சீட்டுக் கச்சேரி நடத்திய ஆபீஸ் கோஷ்டிகளையும் கேளுங்கள். ரயில்வேக்காரர்களின் கதை மட்டும் போதாது.

பலகைகள் தமிழில் முதலில் இருக்க வேண்டும், நல்ல தமிழில், எழுத்துப் பிழை இல்லாமல். கண் மட்டத்தில் இருக்க வேண்டும். விளம்பரத் திரைக்குப் பின்னால் மறைக்கக் கூடாது. செல்போனில் ஸ்கேன் செய்தால்தான் தெரியும் என்று சதுரக் குறியீட்டோடு நிறுத்திவிட வேண்டாம். என் அம்மா வயதுக்காரர்களால் அதைப் படிக்க முடியாது. வண்டி வருவதற்குள் படித்து முடிக்கிற நீளத்தில் நாலு பத்தி, இரண்டு படம், அவ்வளவு போதும். பிழை கண்டால் யாரிடம் சொல்வது என்று ஒரு தொலைபேசி எண்ணும் கீழே இருக்கட்டும்.

இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இது நடக்கும். நிலையச் சுவர் ரயில்வேயுடையது, வாசலுக்கு வெளியே நடைபாதை மாநகராட்சியுடையது என்று ஒவ்வொரு விஷயமும் நடுவில் மாட்டிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறோம். சுரங்கப் பாதையில் தண்ணீர் தேங்கினால்கூட யார் இறைப்பது என்று தெரிவதில்லை. இந்த ஒரு வேலையிலாவது கூட்டாக ஒரு குழு போடுங்கள். அதில் பயணிகள் தரப்பில் இரண்டு பேர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், சானடோரியம் மருத்துவமனையிலிருந்து ஒருவர் இருக்கட்டும். முதல் கூட்டத்தைச் சானடோரியம் நிலையத்திலேயே வையுங்கள். நாங்கள் வருகிறோம், அந்த ஃபிட்டர் பெரியவரையும் அழைத்து வருகிறேன்.

இந்த மடலுக்கு எழுத்தில் ஒரு பதில் எதிர்பார்க்கிறேன். எந்த நிலையத்தில் எப்போது இடிப்பு வேலை தொடங்குகிறது என்ற பட்டியலையும் அந்தப் பதிலோடு சேர்த்து அனுப்பினால், எங்கே முதலில் ஓட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
தாம்பரம் லைன் பயணி ஒருவர்,
குரோம்பேட்டை